கைமாறும் கைங்கரியம்: இஸ்ரவேல் ஆசாரியரின் இருபத்துநான்கு வகுப்புகள்

தொண்டை நாட்டின் வட எல்லையில், ஆந்திர தேசத்துக்கு அணித்தாக அமைந்துள்ள திருத்தணிகை மலைமேல் எழுந்தருளியிருக்கும் முருகப் பெருமானுடைய ஆலயத்துக்குப் பல்லவ அரசனாகிய அபராஜிதவர்மன் 9ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் அளித்த கொடையைக் கூறும் செப்பேடுகள், 1977ஆம் ஆண்டில் அவ்வூரை அடுத்த வேளஞ்சேரியில் கிடைத்தன. இத்தகைய தர்ம சாசனங்களைப் பயின்றோர், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டிருப்பதை எளிதிற் காண்பர். கொடுத்தவன் மறைவான், கொடையைப் பெற்று நடத்துவோரும் மறைவர், ஆயினும் சந்திரரும் சூரியரும் உள்ளவரையில் அவ்வழிபாடு நின்றுவிடலாகாது என்பதே அவ்வெண்ணம். ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காக 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டு, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலே வெட்டுவித்த நம் முன்னோர், ஆடுகள் சாகும் என்பதை அறியாதவர் அல்லர். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, மந்தை மட்டும் என்றும் குறையாமல் நிற்கும் என்பதே அவர் வகுத்த ஏற்பாடு.

விளக்குக்கு நெய் தரும் மந்தைக்கு ஏற்பட்ட இந்த விதி, விளக்கை ஏற்றும் மனிதருக்கும் ஏற்பட வேண்டியதாகும். நித்தியமான ஆராதனையை அநித்தியமான மானிடர் எங்ஙனம் இடையறாது நடத்துவது? ஒருவனே எந்நாளும் சந்நிதியில் நின்றால் அவன் சோர்வான், சோராவிடினும் செருக்குறுவான், செருக்குறாவிடினும் ஒருநாள் மரிப்பான். இவ்வினாவுக்கு உலகத்துப் பழைய சமயங்கள் பலவும் ஒரே வகையான விடையைக் கண்டன. தொண்டர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு சில நாள் பணி செய்து விலக, அடுத்தது வந்து தொடரும் முறைவைப்பே அவ்விடை. அதனை மிக விரிவாக அமைத்து, அதன் ஞானப்பொருளையும் மிக ஆழமாகச் சிந்தித்தவர் பண்டைய இஸ்ரவேல் மக்கள் எனலாம்.

எருசலேம் ஆலயத்தில் நாள்தோறும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு ஆட்டுக்குட்டிகள் சர்வாங்க தகனபலியாகச் செலுத்தப்பட்டன; பலிபீடத்து நெருப்பு ஒருபொழுதும் அவியலாகாது என்பது லேவியராகமம் விதித்த கட்டளை. இப்பணிக்கு உரியவர் ஆரோன் வழிவந்த ஆசாரியர். ஆரோனுடைய நான்கு குமாரருள் நாதாபும் அபியூவும் சந்ததியின்றி மாண்டுபோக, எஞ்சிய எலெயாசார், இத்தாமார் என்னும் இருவருடைய சந்ததியாரே ஆசாரிய குலமாக நின்றனர். முதலாம் நாளாகமத்தின் 24ஆம் அதிகாரம், தாவீது அரசன் இவர்களை இருபத்துநான்கு வகுப்புகளாக ஏற்படுத்தினான் என்று உரைக்கின்றது. எலெயாசாரின் வழியில் தலைவர் மிகுதியாக இருந்தமையால் அதற்குப் பதினாறு வகுப்புகளும், இத்தாமாரின் வழிக்கு எட்டு வகுப்புகளும் அமைந்தன. வரிசையைத் தீர்மானித்ததோ குலப்பெருமையும் அன்று, வயதும் அன்று; சீட்டே அதனைத் தீர்மானித்தது. அரசனும் பிரபுக்களும் ஆசாரியத் தலைவரும் காண, செமாயா என்னும் எழுத்தன் விழுந்த சீட்டுகளை எழுதிவைத்தான். முதற்சீட்டு யோயாரீபுக்கும், இரண்டாவது யெதாயாவுக்கும், எட்டாவது அபியாவுக்கும், கடைசிச் சீட்டு மயாசியாவுக்கும் விழுந்தன. அடுத்த அதிகாரத்தில் வரும் இசைவாணருக்கும் இதே நியமந்தான். அவர்கள் 288 பேர். வகுப்புக்குப் பன்னிருவராக இருபத்துநான்கு வகுப்பினர். அவருள் சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்னும் வேறுபாடு பாராமல் சீட்டுப் போடப்பட்டது.

நாளாகமம் எழுதப்பட்ட காலம் தாவீதுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆகையால் இவ்வேற்பாட்டின் முழுவடிவம் பாபிலோனிய சிறைவாசத்துக்குப் பின் எழுந்த இரண்டாம் ஆலயத்துக்கே உரியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சிறையிலிருந்து மீண்டவர் பட்டியலை எஸ்றாவின் புத்தகம் தருகின்றது. அதில் ஆசாரியக் குடும்பங்கள் நான்கே உள்ளன. அவற்றின் தொகை 4,289 பேர். அந்நான்கு குடும்பத்தாரே மறுபடியும் சீட்டுப் போட்டுத் தம்மை இருபத்துநான்காகப் பிரித்துக்கொண்டு, பழைய பெயர்களைத் தாங்கினர் என்பது யூத ஆசிரியர் கூறும் பாரம்பரியம். வராதவருடைய இடங்களையும் வெற்றிடமாக விடாமல், வந்தவர் அவர் பெயரிலேயே நின்று நிரப்பினர் என்பதில் ஓர் உயர்ந்த கருத்து உண்டு. வகுப்பு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்திருந்தால், அக்குடும்பம் அழிந்தபோது அதுவும் அழிந்திருக்கும். அது சமுதாயம் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கடனாக எண்ணப்பட்டமையாலேயே, பிறர் அதனை ஏற்று நின்றனர்.

ஒவ்வொரு வகுப்பும் ஓய்வுநாள் தொடங்கி அடுத்த ஓய்வுநாள்வரை ஒரு வாரம் பணிசெய்தது. வகுப்புக்குள் அடங்கிய தந்தைவழிக் குடும்பங்கள் வாரத்தின் நாள்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரமும், மூன்று பெருவிழாக்களில் எல்லா வகுப்பாரும் கூடும் நாள்களுமே ஓர் ஆசாரியனுக்கு ஆலயப்பணி. மற்றைய நாள்களில் அவன் தன் ஊரில் மனைவி மக்களோடு சாதாரண மனிதனாகவே வாழ்ந்தான். ஓய்வுநாளில் விலகும் வகுப்பு காலைப் பலியைச் செலுத்தும். புகும் வகுப்பு மாலைப் பலியைச் செலுத்தும். கடவுளின் சமுகத்தில் ஒரு வாரம் வைக்கப்பட்டிருந்த சமுகத்தப்பங்களை இரு வகுப்பாரும் பங்கிட்டு உண்பர். போகிறவர் வருகிறவரை நோக்கி, அவரிடையே அன்பும் சகோதர நேயமும் சமாதானமும் நட்பும் தங்குமாறு அவ்வாலயத்தில் வாசம்பண்ணுகிறவர் அருள்வாராக என்னும் கருத்துப்பட வாழ்த்துவர் என்று யூதரின் சமய நூலாகிய தல்மூது கூறுகின்றது. ஆயத்தமாக நிற்கும் ஒருவனுக்கு இடத்தை விட்டு விலகுபவன், தன்னை விலக்கியவனாக அவனைக் கருதாமல் ஆசீர்வதித்துச் செல்ல வேண்டும் என்பதை ஒரு வழிபாட்டுச் சடங்காகவே அமைத்த நுட்பம் வியக்கத்தக்கது. அதிகாரத்தை ஏற்பதற்குச் சடங்கு வகுத்த சமயங்கள் பல. அதனை விடுவதற்குச் சடங்கு வகுத்தவை சிலவே.

வகுப்புக்குள் அன்றன்றைய பணியைப் பிரித்தளிக்கவும் பிற்காலத்தில் சீட்டே பயன்பட்டது. அதற்குக் காரணமாயிருந்த சம்பவத்தை, கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலாகிய மிஷ்னா மறைக்காமல் எடுத்துரைக்கின்றது. விடியற்காலையில் பலிபீடத்துச் சாம்பலை எடுக்கும் பணி, விரும்பியவன் எவனுக்கும் திறந்திருந்தது. பலர் விரும்பினால் பீடத்தின் சாய்தளத்தின்மீது ஓடி, முந்தியவனே அதைச் செய்தான். ஒருநாள் இருவர் சமமாக ஓடுகையில் ஒருவன் மற்றவனைத் தள்ள, தள்ளப்பட்டவனுடைய கால் முறிந்தது. அதுமுதல் அப்பணியும் சீட்டுக்கு உட்படுத்தப்பட்டது. சாம்பல் வாருவதாகிய கீழான ஊழியத்துக்கும் மனிதர் போட்டியிட்டுக் காலை முறித்துக்கொள்வர் என்றால், பக்தியிலேயே அகங்காரம் எவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்கின்றது என்பது விளங்கும். முன்னோர் அப்பக்தியைக் கண்டிக்கவில்லை; போட்டியின் வாயிலை மட்டும் அடைத்தனர். சீட்டு விழுந்தவன், 'என் தகுதியால் பெற்றேன்' என்று சொல்ல வழியில்லை. விழாதவன், 'என் தகுதிக்குறைவால் இழந்தேன்' என்று வருந்தவும் வழியில்லை.

நாள்தோறும் நடந்த நான்கு சீட்டுகளில் மிகவும் விரும்பப்பட்டது தூபங்காட்டும் பணிக்குரியது. அப்பேறு ஒருமுறை கிடைத்தவன் மறுபடியும் அந்தச் சீட்டில் சேரலாகாது. முன் பெறாதவரே அதற்கு அழைக்கப்பட்டனர். ஒருவன் ஆயுளில் ஒரே ஒரு தடவை, சில நிமிஷ நேரம், பரிசுத்த ஸ்தலத்தினுள் தனித்து நின்று தூபவர்க்கத்தை இடுவான். பின்பு வெளியே வந்து, தன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவ்வாய்ப்பைப் பிறருக்கு விட்டவனாக வாழ்வான். லூக்காவின் சுவிசேஷம் தொடங்குவதே இத்தகைய ஒரு சீட்டில்தான். அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா என்னும் முதிய ஆசாரியனுக்குத் தூபச் சீட்டு விழுந்த அன்று, அவன் உள்ளே தேவதூதனைக் கண்டு, பேச்சிழந்தவனாக வெளியே வருகின்றான். ஜனங்கள் வெளியே காத்திருக்கின்றனர். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு அவன் ஆலயத்திலேயே தங்கிவிடவில்லை என்பதைப் படிப்போர் கவனிப்பதில்லை. வாரத்தில் எஞ்சிய நாள்களின் பணியை முடித்துக்கொண்டு, வகுப்பின் நியமப்படி வீடு திரும்புகின்றான். தரிசனம் பெற்றவனுக்கும் முறை நீளவில்லை.

இனி, சந்நிதிக்கு வெளியே காத்திருந்த அந்த ஜனங்களை நோக்குவோம். ஒருவனுக்காகச் செலுத்தப்படும் பலி, அவன் அருகில் நில்லாமலே செலுத்தப்படுவது எங்ஙனம் பொருந்தும் என்று மிஷ்னா வினவுகின்றது. நித்திய பலி இஸ்ரவேல் முழுவதற்கும் உரியது. முழு ஜனமும் எருசலேமில் நிற்றல் இயலாது. ஆகவே ஆசாரியருடைய வகுப்பு ஒவ்வொன்றுக்கும் இணையாக, சாதாரண மக்களிலும் ஒரு வகுப்பு ஏற்பட்டது. அதன் பிரதிநிதிகள் சிலர் எருசலேம் சென்று பலி நடக்கையில் அருகே நின்றனர். செல்லாதவர் தத்தம் ஊர்களிலேயே கூடி, ஆதியாகமத்தின் சிருஷ்டி வரலாற்றை நாளுக்கொரு பகுதியாக வாசித்தனர். திங்கள்முதல் வியாழன்வரை உபவாசமிருந்தனர். முறை நடக்கும் வாரத்தில் ஆசாரியரும் சரி, மக்களின் பிரதிநிதிகளும் சரி, மயிர் கத்தரிப்பதும் ஆடை வெளுப்பதும் கூடாது. ஓய்வுநாளின் கௌரவத்தை முன்னிட்டு வியாழனன்று மட்டும் அதற்கு அனுமதி. உழவனும் தச்சனும் வணிகனும் தம் ஊரிலிருந்தபடியே ஆலயப் பணியில் பங்குபெற்ற இவ்வேற்பாட்டினால், ஆசாரியன் ஒரு தனிச்சாதியாகக் கடவுளோடு உறவாடும் நிலை மாறி, மக்களின் கரமாக நின்று பணிசெய்யும் நிலை உண்டாயிற்று. உலகம் ஆறு நாளில் உண்டான வரலாற்றை அவர் வாசித்ததற்கும் காரணம் உண்டு: ஆலயத்தில் பலி நடப்பதனாலேயே உலகம் நிலைத்து நிற்கின்றது என்பது அவர் கொள்கை.

நம் திருத்தணிகையிலும் பூசை செய்யும் உரிமையில்லாத மக்கள் தமக்கென ஒரு பங்கை ஏற்படுத்திக்கொண்டதைக் காணலாம். மலைமேல் ஏறும் படிகள் 365; ஆண்டின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று என்பது அடியவர் கொள்கை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவில், டிசம்பர் 31ஆம் நாளன்று பஜனைக் கோஷ்டியார் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகின்றனர். ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைக் கண்டு வணங்கச் சென்ற வழக்கத்தை மாற்றித் தணிகை துரையாகிய முருகனை வணங்கச் செய்தார் சுவாமிகள் என்பர். கருவறைக்குள் நிகழும் பூசை குருக்களுடையது. படிப்பூசையோ பாடத் தெரிந்த எவருக்கும் உரியது. ஆண்டின் நாள்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக வணங்கி ஏறும் அவர்களும், ஊரிலிருந்து சிருஷ்டி வரலாற்றை நாள்வாரியாக வாசித்த இஸ்ரவேல் மக்களும், தாம் நேரே செய்ய இயலாத நித்திய பூசையில் காலத்தின் வழியாகக் கலந்துகொள்கின்றனர்.

முறைவைப்பும் சீட்டும் நம் நாட்டிலும் புதியன அல்ல. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை ஊராட்சியைப் பற்றியதேயாயினும், அது நடைபெற்ற விதம் ஒரு வழிபாட்டையே ஒத்திருந்தது. ஊரிலிருந்த கோயில் நம்பிமார் அனைவரும் கூட, அவருள் மூத்தவர் குடத்தை யாவரும் காண உயர்த்துவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். தேர்ந்தெடுக்கப்பட்டோர் 360 நாள் பணிசெய்து விலக வேண்டும். முன் மூன்றாண்டில் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்துக்குள் புகாது. கேரளத்தில் சபரிமலை மேல்சாந்தி ஓராண்டுக்கும், குருவாயூர் மேல்சாந்தி ஆறு மாதத்துக்கும் இன்றும் சந்நிதியில் எடுக்கப்படும் சீட்டினாலேயே நியமனம் பெறுகின்றனர். தம் காலம் முடியும்வரை ஆலய எல்லையை விட்டு நீங்காமல் இருந்து, முடிந்தவுடன் நீங்கிவிடுகின்றனர். உடுப்பியில் மத்வாசாரியர் நிறுவிய எட்டு மடங்களும் முதலில் இரண்டிரண்டு மாதமாகக் கிருஷ்ண பூசையை மாறி மாறி நடத்தின. 16ஆம் நூற்றாண்டில் வாதிராஜ தீர்த்தர் அதனை இரண்டிரண்டு ஆண்டாக மாற்ற, பதினாறாண்டுக்கு ஒருமுறை முழுச்சுற்று நிறைவெய்தும் பர்யாயம் என்னும் முறை நிலைபெற்றது. விலகும் சுவாமிகள் அட்சய பாத்திரத்தையும் கரண்டியையும் புகும் சுவாமிகளிடம் ஒப்படைப்பதே அவ்விழாவின் உயிர்நிலை. சிதம்பரத்தில் திருமணமான தீட்சிதர்களே பூசை முறைக்கு உரியவராவர். அவர்கள் குழுக்களாகப் பிரிந்து, முறை வைத்துக்கொண்டு பணிசெய்து வருகின்றனர்.

ஆனால், முறைவைப்பு எங்கும் தன் உயர்ந்த கருத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு வாரமோ ஒரு மாதமோ தனக்கு உரியதென்று ஏற்பட்டவுடன், அந்நாள்களில் வரும் வருவாயும் தனக்கு உரியதென்னும் எண்ணம் எழுகின்றது. எழுந்தபின் அது பங்கிடப்படுகின்றது. பங்கிட்டபின் அடகுக்கும் விலைக்கும் போகின்றது. கல்கத்தாவின் காளிகட்டத்தில் 'பாலா' என்று வழங்கும் பூசை முறைகள் வாரிசுக்கு இறங்கும் சொத்தாகவும், குறிப்பிட்ட வட்டத்துக்குள் கைமாற்றத்தக்கதாகவும் விளங்கியதை அந்நகர உயர்நீதிமன்றம் 1915ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. தமிழகத்துக் கோயில்களில் பரம்பரை அர்ச்சகத்தை நீக்கிய 1971ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் ஆராய்ந்த உச்சநீதிமன்றம், அர்ச்சகர் நியமனம் உலகியற் செயலே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கில் இத்தீர்ப்புகளுக்குத் தக்க காரணங்கள் உண்டு. எனினும், காலத்தில் அளந்து கொடுக்கப்பட்ட ஒரு கடன், காலத்தில் அளந்து வைத்திருக்கும் ஓர் உடைமையாக மாறும்போது, முறைவைப்பின் ஞானப்பொருள் அங்கே அஸ்தமித்துவிடுகின்றது.

இஸ்ரவேலரும் இதனை அறிந்திருந்தனர். பில்கா என்னும் பதினைந்தாம் வகுப்பு தண்டிக்கப்பட்ட செய்தி மிஷ்னாவில் உள்ளது. பலிக்குரிய பிராணியைப் பிணிக்கும் அதன் வளையம் அசையாதபடி அடைக்கப்பட்டது. கத்திகளை வைக்கும் மாடமும் மூடப்பட்டது. அப்பங்களைப் பங்கிடும்போது அவ்வகுப்பு எப்பொழுதும் தென்பக்கத்திலேயே நிற்க விதிக்கப்பட்டது. அவ்வகுப்பார் தம் முறைக்குக் காலந்தாழ்ந்து வந்தமையே காரணம் என்பர் சிலர். அக்குலத்துப் பெண்ணொருத்தி கிரேக்க அதிகாரியை மணந்து, பலிபீடத்தைச் செருப்பால் அடித்து இகழ்ந்தமையே காரணம் என்பர் வேறு சிலர். தண்டனையின் தன்மையே சிந்திக்கத்தக்கது. வகுப்பை நீக்கவில்லை, அதன் வாரத்தைப் பறித்துப் பிறருக்குக் கொடுக்கவில்லை. தன் கருவிகளைப் பயன்படுத்த இயலாமல், பணிதோறும் பிற வகுப்பாரின் வளையத்தை இரந்து பெறவேண்டிய நிலை மட்டும் ஏற்பட்டது. தான் பிறரை நம்பியே நிற்பவன் என்பதை மறந்தவனுக்கு, அதனை முறைதோறும் நினைவூட்டுவதே தண்டனையாயிற்று.

முறைவைப்பு ஆலயக் கட்டடத்தைச் சார்ந்ததன்று என்பதற்குச் சரித்திரமே சாட்சி. எருசலேம் ஆலயத்தை நிர்வகித்தவருடன் முரண்பட்டுப் பிரிந்து, சவக்கடலின் கரையில் வாழ்ந்த கும்ரான் சமூகத்தார், 1947முதல் கண்டெடுக்கப்பட்ட தம் சுருள்களில் இருபத்துநான்கு வகுப்புகளின் வரிசையை நுணுக்கமாகக் கணித்து வைத்திருந்தனர். அவருடைய ஆண்டு 364 நாள், அதாவது சரியாக 52 வாரம் கொண்டது. ஆறாண்டில் 312 வாரம். அதனை இருபத்துநான்கால் வகுத்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் பதின்மூன்று முறை மிச்சமின்றி அமையும். தாம் அடியெடுத்து வைக்காத ஆலயத்துக்கு அவர் முறை எழுதினர். கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்த பின்பும் வகுப்புகளின் பெயர்கள் மறையவில்லை. தன்னை முதல் வகுப்பாகிய யோயாரீபின் சந்ததியான் என்று பெருமிதத்தோடு அறிமுகப்படுத்திக்கொண்ட சரித்திராசிரியன் யோசேப்பு, அழிவைக் கண்ணாரக் கண்டவன். அதற்குப் பல தலைமுறை கழித்து, இருபத்துநான்கு வகுப்புகளின் பெயர்களையும் அவர்கள் குடியேறிய கலிலேயா ஊர்களையும் யூதர் கல்லிற் பொறித்துத் தம் ஜெப ஆலயத்தில் வைத்தனர். அத்தகைய பலகையின் சிதைவுகள் 1962ஆம் ஆண்டில் செசரியாவில் கிடைத்தன. அவற்றில் பதினெட்டாம் வகுப்பாகிய அப்சேசுக்கு நாசரேத்து ஊர் குறிக்கப்பட்டுள்ளது. இன்னொரு பலகை அங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஏமன் நாட்டில், ஒரு மசூதியின் தூணில் 1970இல் காணப்பட்டது. பலிபீடம் இல்லை, நெருப்பும் இல்லை, இந்த வாரம் யாருடைய முறை என்பதை மட்டும் அவர்கள் மறக்கவில்லை.

வருவாய் இல்லாத இடத்திலும் நினைக்கப்பட்ட முறையே தூய முறை எனலாம். அங்கே உரிமை கரைந்துபோய்க் கடன் மட்டும் எஞ்சி நிற்கின்றது. இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், இஸ்ரவேல் ஆசாரியன் தன் வாரத்தில் பெற்ற அறிவு இரண்டு என்று கூறத் தோன்றுகின்றது. பலிபீடத்தண்டை நிற்கும்போது, அங்கே நில்லாத மக்கள் அனைவருக்காகவும் தான் நிற்கின்றான் என்பது ஒன்று. இறங்கிச் செல்லும்போது, தான் இல்லாமலும் பணி குறைவின்றி நடக்கும் என்பது மற்றொன்று. முன்னது அவனைச் சோர்விலிருந்து காத்தது. பின்னது செருக்கிலிருந்து காத்தது. கருவறையுள் புகத் தக்கவர் யார் என்று நம் நாட்டில் அரைநூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் மேடைகளிலும் விவாதம் நடந்து வருகின்றது. அது நடக்கவேண்டிய விவாதமே. ஆனால் எந்தக் குலத்தவராயினும், பரம்பரையால் வந்தவராயினும் நியமனத்தால் வந்தவராயினும், புகுந்தவர் எந்த நாளில், எந்த மனத்தோடு வெளியே வருவார் என்னும் கேள்விக்கும் விடை தேடாத வரையில், அவ்விவாதம் பாதியிலேயே நிற்பதாகும்.